மன்னிப்புக் கேட்காத ஒரு வீச்சு

விருந்தைச் சுருக்கி என் பேச்சுக்கு இடம் கொடுத்த தலைவர் அவர்களே! மழையிலும் மைதானத்துக்கு வந்து, அந்த மழைக்காக ஒருவருக்கொருவர் வருத்தம் தெரிவித்துக்கொண்ட பெரியோர்களே! அடுப்பில் நீங்கள் வெந்து எங்களுக்கு விருந்து படைத்த தாய்மார்களே! குண்டும் வட்டும் எறிவதை இன்றோடு நிறுத்திக்கொள்ளும் எங்கள் பெரில் ஓல்ட்ராய்ட் அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் புவியியல் நடத்திய காலத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், குண்டை எறிஞ்சிட்டு அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

"போய் எடுத்துட்டு வருவாங்கம்மா" என்றேன்.

"அப்ப கையிலேயே வச்சிருக்கலாமே சார்?"

நம் ஹேவர்ஷா விளையாட்டுக் கழகத்தின் நிர்வாகக் குழுவும் அப்படித்தான் நினைத்தது. ஓடுகிறவர்களுக்கு ஓடுதளம் தந்தோம். தாண்டுகிறவர்களுக்கு மணல் தந்தோம். பெரிலுக்கு என்ன தந்தோம்? கழிப்பறைக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் வளையம் தந்தோம். ஏன்? கிரிக்கெட் புல்லில் குழி விழுந்துவிடும். நாட்டுக்குப் பதக்கம் வராமல் போகலாம், நம் புல்லுக்குக் காயம் வரலாமா?

பெரில் எதிர்த்தாரா? கொதித்தாரா? மன்னிப்புக் கேட்டார். பகலெல்லாம் பிஸ்கட் ஆலையில் மாவு மூட்டை, மாலையில் குண்டு, அது முடிந்ததும் வட்டு. விழுந்த ஒவ்வொரு குழியையும் தானே மண் போட்டு மூடி, புல்லிடமும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டுத்தான் வருவார். ஒருமுறை வட்டு கழகத்தின் ஜன்னலை உடைத்தது. பெரில் மன்னிப்புக் கேட்டார். உள்ளே இருந்த செயலாளர், ஜன்னலை அங்கே வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். பின்வரிசையில் சிரிக்கிறீர்களே, பேருந்தில் உங்கள் காலை மிதித்தவரிடம் மன்னிப்புக் கேட்பது யார்? நீங்கள்தானே?

அவர் மாவட்டச் சாதனை படைத்தபோது உள்ளூர்ப் பத்திரிகை, முயல் கண்காட்சிச் செய்திக்குக் கீழே சில வரிகள் போட்டது. முயலுக்குப் படம் இருந்தது.

அப்புறம் வந்தது அந்த நாள். பிரிட்டன் அணிக்குத் தேர்வாக அதுவே கடைசி வாய்ப்பு. காலையில் குண்டெறிதலில் தூரம் போதவில்லை. வட்டெறிதலில் தகுதிக் கொடியைத் தாண்டினால் அணி, தாண்டாவிட்டால் மறுபடியும் மாவு மூட்டை. அடுத்த முறைக்குக் காத்திருக்கும் வயதுமில்லை.

கடைசிக்கு முந்தைய வீச்சு. சுழன்றார், சீறியது வட்டு. கொடியைத் தாண்டிப் பறந்து, தலைமை நடுவர் ஸ்டான்லி கிரிம்ஷாவின் காலடியில் குத்தியது. துள்ளி விலகியவர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டான்லி, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள், எல்லோரும் பார்க்கட்டும். பாருங்கள், அன்றைக்கு இவ்வளவு வேகமாக எழவில்லை.

எறிந்தவர் வளையத்தின் பின்பாதி வழியாகத்தான் வெளியேற வேண்டும். முன்பக்கம் கால் வைத்தால் வீச்சு செல்லாது. எந்த நாட்டு வீராங்கனை அதை மறப்பார்? நம் நாட்டு வீராங்கனை மறந்தார். முன்பக்கமாகவே ஓடினார்.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க ஸ்டான். அடி பட்டுடுச்சா?"

ஸ்டான்லி சேற்றில் இருந்தபடியே சிவப்புக் கொடியைத் தூக்கினார். "மன்னிச்சுக்கம்மா பெரில். இது செல்லாது."

"இல்ல இல்ல, நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

இவர்கள் ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டிருக்க, அவர் வாழ்நாளின் மிக நீண்ட வீச்சு விழுந்த தடத்தை, அளக்காமலே ஒருவர் மிதித்து மூடினார்.

அப்போதுதான் கம்பிக்கு வெளியே நின்ற அவர் கணவர் கென் வாயைத் திறந்தார். கென் குரல் உயர்த்தி நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

"பெரில், இந்தத் தடவை அந்தாளு தலையிலயே விழுந்தாலும் பேசாத. திரும்பி, பின்னால நடந்து வா."

கடைசி வீச்சு. வட்டு கொடிக்கு அப்பால் விழுந்தது. விழுந்தது அங்கேயே நின்றதா? சறுக்கியது, கயிற்றுக்கு அடியில் நுழைந்தது, மாவட்டத் தடகளச் சங்கத் தலைவரின் மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மேசையின் காலை வாரிவிட்டது. கோப்பைகள் சரிந்தன. கேக் கவிழ்ந்தது. மைதானமே பெரிலைத் திரும்பிப் பார்த்தது. எதற்காக? தூரத்தை மெச்சவா? அந்த ஒரு சொல்லைக் கேட்க!

அவர் உதடு துடித்தது. கை தானாக எழுந்தது. முன்னங்கால் நகர்ந்தது. அந்தக் காலை அவர் பின்னுக்கு இழுத்தார். திரும்பினார். நடந்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் பின்பக்கமாக வெளியே வந்தார். வீச்சு செல்லும் என்று வெள்ளைக் கொடி எழுந்தது.

அந்தப் பெண்ணுக்கு வளர்ப்பு சரியில்லை என்று அந்தச் சங்கத் தலைவரின் மனைவி அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாராம். உண்மைதான் அம்மையீர். வளர்ப்பு சரியாக இருந்த பெண் முந்தைய வீச்சிலேயே தோற்றுவிட்டாள். வளர்ப்பு சரியில்லாத பெண்தான் பிரிட்டன் சட்டை போட்டாள்.

பிரிட்டன் அணியோடு போன போட்டியில் பதக்கம் வரவில்லை. ஊர் திரும்பியவருக்கு ஆறுதல் சொல்ல நம் குழு திரண்டு போனது.

"எதுக்கு ஆறுதல்? நான் நல்லாத்தான் எறிஞ்சேன்" என்றார் பெரில்.

இப்படியொரு பேச்சுக்கு என்ன பதில் சொல்வதென்று நம் கழக விதிகளில் எங்குமே இல்லை.

பெரில், நீங்கள் எறிந்ததற்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட அவைக்கும், இன்னும் கேக் வெட்டாமல் காத்திருக்கும் தாய்மார்களுக்கும் நன்றி, வணக்கம். வீட்டுக்குப் போனதும், இந்த வாரம் நீங்கள் நன்றாகச் செய்த ஒரு காரியத்தை யாரிடமாவது சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அதோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.