சாம்பல் நிறச் சால்வை

யாருடைய பல்லும் வெள்ளையாக இருப்பதில்லை, மேடம். உங்களுடையதும்தான். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடமாக மற்றவர்கள் பல்லை வெளுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஒரு போட்டோ ஸ்டூடியோவின் பின்னறையில் உட்கார்ந்து முகம் திருத்துகிற வேலை. முதலில் தூரிகையால் செய்தேன், பிறகு கம்ப்யூட்டரில். தூரிகைக் காலத்தில் பொறுமை வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டாம்.

ஒருமுறை ஒரு கல்யாணப் பெண் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னாள்: "என்னை மாதிரியே இருக்கணும் மேம், ஆனா நல்லா இருக்கணும்."

முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், அவள் வாய்விட்டுக் கேட்டாள், அவ்வளவுதான். மூக்கை ஒடுக்கி, கன்னத்துப் பள்ளத்தை நிரப்பி, இரண்டு வயதைக் கழித்துக் கொடுத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தியாம்மா, நான் போட்டோவுக்கு எவ்ளோ நல்லா வர்றேன்னு" என்றாள் தன் அம்மாவிடம். நான் செய்த மூக்கு அது. ஒரு நன்றி கிடையாது. தன் மூக்கு என்றே நம்பிவிட்டாள். இப்படி நம்புகிறவர்கள்மேல் முப்பது வருடம் கழித்து உங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ப்ரீசெட் என்றால் என்ன என்று நேற்று உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் கேட்டார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு படத்துக்கு வெளிச்சம் இவ்வளவு, சிவப்பு இவ்வளவு, மஞ்சள் இவ்வளவு என்று ஒருமுறை பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்வோம். அந்த அளவுகளுக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டால், அடுத்த ஆயிரம் படங்களுக்கு ஒரு தட்டுத் தட்டினால் போதும். 'வழவழ' என்று ஒன்று வைத்திருந்தேன், கிழவிகளுக்கு. 'பெரிய மனுஷன்' என்று ஒன்று, ஓய்வு பெறுகிற அதிகாரிகளுக்கு. என் அக்காவுக்காகச் செய்ததன் பெயர் 'மகாராணி'.

எங்கள் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். என்னைவிட மூன்று வயது மூத்தவள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அவளைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு அம்மாவைப் பார்த்து, "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததா?" என்று கேட்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டே, "இதுவும் கூடப் பொறந்ததுதான்" என்பாள். 'இது' என்றால் நான்.

அவளுக்கு வரன் பார்த்தபோது எங்கள் இருவரையும் சேர்த்து எடுத்த படம் ஒன்றுதான் நன்றாக வந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் என்னை வெட்டி எடுத்துவிட்டு அக்காவை மட்டும் அச்சுப்போட்டுக் கொடுத்தார். ஆனால் என் கை அவள் தோளில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நாலு விரல் மட்டும் மிஞ்சிவிட்டது. அந்தப் படம் அக்கா வீட்டுக் கூடத்தில் நாற்பது வருடம் தொங்கியது. இந்த விரல் யாருடையது என்று ஒருவர் கேட்டதில்லை. முகம் நன்றாக இருந்தால் மனிதர்கள் வேறு எதையும் பார்ப்பதில்லை. இதை என் பதினெட்டாவது வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

அவள் கணவர் போன பிறகு என்னோடு வந்து இருந்தாள். மூன்று வருடம். அவள் மகன் கப்பலில் இஞ்சினியர். நடுக்கடலில் வீடியோ நிற்காது, பேச்சும் அறுந்து அறுந்துதான் வரும். ஒரு படம் அனுப்பினால் மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு படம் என்று ஏற்பாடு. "அம்மா முகத்தைப் பாத்தாத்தான் சித்தி எனக்கு அந்த வாரம் ஓடும்" என்பான். நல்ல பையன்தான். சித்தி முகத்தையும் ஒரு வாரம் அனுப்புங்கள் என்று கேட்டதில்லை, மற்றபடி நல்ல பையன்.

அக்கா இருந்த அறையில் மஞ்சள் பல்பு. எந்தப் படம் எடுத்தாலும் எண்ணெயில் முக்கி எடுத்த மாதிரி வரும். அதற்காகத்தான் 'மகாராணி' செய்தேன். மஞ்சளை வெளியே இழுத்துவிட்டு, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பை ஏற்றும். இதில் எந்த உள்நோக்கமும் கிடையாது. தேதியைப் பாருங்கள். அவள் நன்றாக இருந்தபோது செய்தது அது.

இந்த வருடம் தொடக்கத்தில் அவள் சொறிய ஆரம்பித்தாள். கை, கால், முதுகு, எங்கேயும் ஒன்றும் தடித்திருக்காது, ஆனால் சொறிவாள். சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். வயிற்றின் வலதுபக்கம் பிடித்துக்கொள்கிறது என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கியபோது அவள் கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை என்பதைப் பார்த்தேன். பல்பு மஞ்சளுக்கும் உடம்பு மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? பல்பு மஞ்சள் சுவரிலும் இருக்கும். இது கண்ணில் மட்டும் இருந்தது.

'மகாராணி'யைத் தட்டினேன். போய்விட்டது.

படத்தை அவளிடம் காட்டினேன். எப்போதும் காட்டுவேன், அவள் சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்புவது.

"நல்லாத்தான்டி இருக்கேன். நான்தான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"ஏன், என்ன பயம்?"

"கண்ணாடியில பாத்தா ஒரு மாதிரி தெரியுது. கண்ணாடி பழசாயிடுச்சு போல."

"பல்பு வேற மஞ்சளா இருக்கு" என்றேன்.

"அதை மாத்தேன். எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

மாற்றினேன். கடைக்குப் போய் இன்னொரு மஞ்சள் பல்பு வாங்கி வந்து போட்டேன். ஒரு பெண் அறுபது வருடம் கண்ணாடியிலேயே குடியிருந்தவள், கடைசியில் கண்ணாடியை நம்பாமல் என் படத்தை நம்புகிறாள். அவளைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, எனக்குத் தெரியாது. நான் நினைத்ததை மறைக்கவில்லை.

மாடி வீட்டுக்காரி ஒருநாள் கேட்டாள்: "என்ன, உங்க அக்கா கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு?" நான் போனை எடுத்து அந்த வாரத்துப் படத்தைக் காட்டினேன். இரண்டு பார்வை பார்த்தாள். "அட, வெளிச்சந்தான் போல" என்று படியேறிப் போய்விட்டாள். ஆளை நேரில் பார்த்துவிட்டு வந்தவள், மேடம். பத்தடி தள்ளி அந்த ஆள் உட்கார்ந்து கையைச் சொறிந்துகொண்டிருக்கிறாள்.

இந்தச் சமயத்தில்தான் சால்வை வந்தது. அக்காவுக்குக் குளிருகிறது என்று கேள்விப்பட்டு, கப்பலிலிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பியிருந்தான் மகன். நல்ல கெட்டி மஞ்சள். அவள் அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள், எடுத்தேன், 'மகாராணி'யைத் தட்டினேன், அனுப்பினேன். அடுத்த நாள் போன் வந்தது.

"சித்தி, நான் மஞ்சள்தானே கேட்டேன்? சாம்பல் கலர்ல அனுப்பியிருக்கானுங்க?"

மஞ்சளை இழுக்கிற ப்ரீசெட், கண் மஞ்சள், சால்வை மஞ்சள் என்று பார்த்தா இழுக்கும்? எல்லாவற்றையும் இழுத்துவிட்டது. முகத்தை மட்டும் தனியாகப் பிரித்துக்கொண்டு போட்டிருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் இது. நான் செய்யவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற அலட்சியம். நாலு விரலையே பார்க்காத குடும்பம் அது.

"கடைக்காரங்க மாத்திட்டாங்க போலப்பா" என்றேன்.

அவன் அந்தக் கடைக்காரனோடு இரண்டு வாரம் சண்டை போட்டான். மஞ்சள்தான் அனுப்பினோம் என்று அவர்கள் தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். இவன் நான் அனுப்பிய படத்தை ஆதாரமாக அனுப்பியிருக்கிறான். "பொய் சொல்றானுங்க சித்தி, கண்ணால பாத்தப்புறமும் பொய் சொல்றானுங்க" என்றான் என்னிடம். அவனுக்குக் கடைக்காரன் பொய் சொல்வான் என்று தோன்றியது. படம் சொல்லும் என்று தோன்றவில்லை. கடல் நடுவில் இவ்வளவு பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறவன்.

அக்கா போனில் அரிப்பைப் பற்றி அவனிடம் சொல்லிவிட்டாள். அவனுக்கு ஒரு பள்ளிக்கூடத்து நண்பன், வேறு ஊரில் டாக்டர். அவரிடம் கேட்டிருக்கிறான்.

"சித்தி, அம்மாவோட கண்ணைக் கிட்டத்துல எடுத்து அனுப்பச் சொல்றான். கீழ் இமையை இழுத்துப் பிடிச்சு, நல்ல வெளிச்சத்துல. மஞ்சக்காமாலையா இருந்தா அதுல தெரிஞ்சிடுமாம்."

ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்து எடுத்தேன். இமையை இழுத்துப் பிடித்தது என் விரல்தான். அனுப்பினேன். மறுநாளே பதில். மஞ்சள் இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை, தோல் வறட்சியாக இருக்கலாம், ஒரு மாத்திரையும் பூச்சும் எழுதியிருந்தார். அக்காவுக்கு அன்று நல்ல சந்தோஷம். இரண்டு வாய் அதிகம் சாப்பிட்டாள். "பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள். பூச்சை முதுகில் நான்தான் தடவிவிட்டேன். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, ஒருநாள்கூடத் தவறவிடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கு ஆறு வாரம் கழித்து நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். பித்தம் இறங்குகிற குழாயில் கல் அடைத்துச் சீழ் பிடித்துவிட்டது என்றார்கள். அந்த டாக்டர் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ரெண்டு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா கல்லை எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்மா. இத்தனை நாள் கண்ணைப் பாக்கவே இல்லையா நீங்க?"

அந்த வீட்டில் அவள் கண்ணைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமை அக்கா போனாள். சனிக்கிழமை மகன் வந்து சேர்ந்தான். அழுதான், விழுந்து கும்பிட்டான், என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க இருந்ததாலதான் சித்தி அம்மா இத்தனை நாள் நல்லா இருந்தாங்க" என்றான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். பிறகு முகம் கழுவப் பின்பக்கம் போனவன் வெகுநேரம் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சால்வைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"இது ஏது சித்தி?"

"நீ அனுப்புனதுதான்."

"அது சாம்பல் கலர்ல இருந்துச்சே?"

சண்டைக்குப் பிறகு கடைக்காரர்கள் மஞ்சளையே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். அவனை எதுவும் நம்பவைக்கலாம். ஆனால் முப்பது வருடத்தில் என் வேலையைப் பார்த்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது, மேடம். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. அவன் போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து சால்வையின் மேல் வைத்துப் பார்த்தான். பிறகு படத்தில் அம்மாவின் முகத்தைப் பெரிதாக்கினான். அப்புறம் என்னைப் பார்த்தான். அவன் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நேற்று உங்களிடம் பழக்கதோஷம் என்று சொன்னேன். திருத்தாத படம் என் கையைவிட்டுப் போனதே கிடையாது, கை தானாகத் தட்டிவிட்டது என்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். டாக்டருக்கு அனுப்பிய படத்துக்கு 'மகாராணி' போதவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கண் அவ்வளவு மஞ்சள். தட்டிய பிறகும் ஓரங்களில் நின்றது. அதனால் கம்ப்யூட்டரில் இருக்கிற சின்னத் தூரிகையை எடுத்து, இரத்த நாளம் ஒவ்வொன்றையும் அப்படியே விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவில் இருந்த மஞ்சளை மட்டும் கையால் எடுத்தேன். நாற்பது நிமிடம் பிடித்தது. நன்றாகப் படித்த ஒருவர் பார்க்கப்போகிறார் என்பதால் கவனமாகச் செய்தேன். என் வேலையில் அதைவிட நல்ல வேலை இல்லை. அவள் சாவாள் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும்.

அசல் படங்கள் எல்லாம் என் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. பதினொரு ஞாயிறு, பதினொரு படம், தேதியோடு. ஏன் அழிக்கவில்லை என்று உங்கள் ஆள் ஆச்சரியப்பட்டார். அசலை அழிக்கக்கூடாது என்பது தொழில் ஒழுக்கம் என்று அவரிடம் சொன்னேன். கடைசிப் படத்தைத் திறந்து பாருங்கள். கன்னம் ஒட்டி, தோல் மங்கி, கண்ணுக்குக் கீழே பை விழுந்து, வாய் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அதற்கு ப்ரீசெட் போடுவதற்கு முன் வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய், பீரோவிலிருந்து என் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். யார் பார்த்தாலும், கேட்காமலே சொல்வார்கள் மேடம், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று.