ஒற்றைப்படைத் தேதி

தேநீருக்கு நன்றி ஐயா. சர்க்கரை சரியாக இருக்கிறது.

நான் மருத்துவமனையில் புள்ளியியல் அலுவலர். நோயாளி யாரையும் தொட்டதுகூட இல்லை. மாரடைப்பு வந்தவர்களைப் பிழைக்கவைப்பது சீக்கிரம் வந்து சேர்வதா, உடனே போடும் ஊசியா என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஊசியால் பலனில்லை, நிறுத்திவிடலாம் என்று இயக்குநர் ஒற்றைக்காலில் நின்றார். எனக்கு அது பொறுக்கவில்லை.

நிலைமை மோசமானவரைத்தான் வேகமாகக் கொண்டுவருகிறார்கள். அவருக்குத்தான் ஊசியும் முதலில். எல்லாம் பின்னிக் கிடக்கிறது. பிரித்துப் பார்க்க, நோயின் கடுமைக்குச் சம்பந்தமே இல்லாமல், வருகையையோ ஊசியையோ வெளியிலிருந்து தாமதப்படுத்தும் ஏதாவது வேண்டும். புள்ளியியலில் அதைக் கருவி மாறி என்போம். காரணம் இரண்டு என்றால் கருவியும் குறைந்தது இரண்டு. ஒன்றை வைத்து இரண்டையும் ஒப்பேற்ற முடியாது.

ஒன்று கிடைத்தது: மருத்துவமனைக்கு வரும் வழியில் இருக்கும் ரயில்வே கேட். ரயில் ஆள் பார்த்து வருவதில்லை. கேட் மூடினால் யாராக இருந்தாலும் தாமதம்தான். ஊசிக்குத்தான் எதுவும் அமையவில்லை. எட்டு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். மழை, வேலைநிறுத்தம், எதை எடுத்தாலும் இரண்டையும் சேர்த்தே தொட்டது.

வேறு வழியில்லாமல் நானே ஒன்று செய்தேன். மருந்து அலமாரியைத் திறக்கும் கணினி நிரல் நான் எழுதியது. ஒற்றைப்படைத் தேதிகளில் அந்த ஊசியின் இருப்பு பூஜ்யம் என்று காட்டவைத்தேன். அலமாரி திறக்காது. பெரிய கிடங்கிலிருந்து ஊசி வர நாற்பது நிமிடம் ஆகும்.

"நேத்து நல்லாத்தான இருந்துச்சு, இன்னிக்கு என்ன கேடு இந்தக் கம்ப்யூட்டருக்கு?" என்று தலைமை நர்ஸ் திட்டுவார். பாவமாக இருக்கும்.

பதினேழாம் தேதி மாரடைப்பு என்று மச்சானைக் கொண்டுவந்தார்கள். என் மனைவியின் ஒரே தம்பி. கேட் திறந்தே இருந்ததால் சீக்கிரமாகத்தான் வந்து சேர்ந்தான். மனைவி என் அறைக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, ஊசி இல்லைங்கிறாங்க. நீங்க உள்ளதான இருக்கீங்க, ஏதாச்சும் பண்ணுங்களேன்."

ஒரு விசையைத் தட்டினால் அலமாரி திறந்திருக்கும். கை அதுவரை போய்த் திரும்பிவிட்டது. சொந்தக்காரனுக்காக மாற்றினால் கருவி கெட்டுவிடும். அதற்கு முன் செத்தவர்கள் எல்லாம் வீணாகச் செத்தவர்கள் ஆகிவிடுவார்கள். அழுதேன் ஐயா.

"பாத்துட்டுதான்மா இருக்கேன்" என்றேன்.

விடை கிடைத்துவிட்டது. ஊசிதான் காப்பாற்றுகிறது, இனி இயக்குநரால் மறுக்க முடியாது. இரட்டைப்படைத் தேதிகளில் இறந்தவர்கள் இருபத்தொன்பது பேர், ஒற்றைப்படையில் அறுபத்திரண்டு. மச்சானையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவனை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் வந்த தேதியை நான் தேர்ந்தெடுக்கவில்லை ஐயா. பதினெட்டாம் தேதி வந்திருக்கலாம்.