கரையில்லாத போட்

எண்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பி சென்னையில், ஃபைபர் போட் செய்யும் கண்ணாடியிழை எப்படி உடையும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் ஆராய்ச்சி மாணவன்.

"என் கம்ப்யூட்டர்ல இருக்குற போட்டுக்குக் கரையே கிடையாதுக்கா."

"கடலுக்குப் போறவரு பொண்டாட்டிகிட்ட பேசுற பேச்சாடா இது?"

"அந்தக் கரை இல்லக்கா. சேலைக்கரை மாதிரி ஓரம். போட்ல துளியூண்டு சதுரம் ஒண்ண மட்டும் எடுத்துக்குவோம். நாலாப்பக்கமும் அதே சதுரம்தான் திரும்பத் திரும்ப வருதுன்னு வச்சுக்குவோம். அதனால ஓரமே வராது."

"உன் மச்சானோட ஃபைபர் போட் விரிசல் விட்டிருக்கறதே ஓரத்துலதான். ஒட்டாம நாளைக்கு அதுலயே போறேங்கறாரு. தாங்குமா?"



"என் கணக்குல ஓரமே வராதே, தாங்குமான்னு எப்படிக்கா சொல்றது? ஒட்டிட்டே போகட்டும்."

"நான் சொன்னா கேப்பாரா? தாங்காதுன்னு கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னு நீ சொல்லு."

"அது அப்படிச் சொல்லலியேக்கா."

"தாங்காதுன்னு நான் சொல்றேனே, போதாதா?"

பட்டினச்சேரி நிறுத்தத்தில் அக்கா இறங்கினாள். "சரி, கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னே சொல்லிடறேன்" என்றபடி தம்பியும் இறங்கினான்.