ஒளிய இடம் தேடியவள்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது.

மாலை ஆறரை. மழை விட்டிருந்தது. விளக்கெரியாத நீண்ட சாலை… அதன் கோடியில் வீடும் கடையுமாக ஒரே கட்டடம். செத்த ஹார்ட் டிஸ்க்குகளைப் பிழைக்க வைப்பதால் அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தச் சாலையில் ஒருவன் நடந்தே வந்தான். துணியில் சுற்றிய டிஸ்க்கை மேசைமேல் வைத்தான். துருவின் வாடை.

"பொண்டாட்டி வீடியோ எல்லாம் தெரியாம அழிச்சிட்டேன். ஒண்ணு விடாம வேணும்."

"அவங்க?"

"இல்ல."

அவ்வளவுதான். போய்விட்டான்.

டாக்டரின் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "இது வேணாங்க. அந்தாளு மூஞ்சியே சரியில்ல."

"மூஞ்சியைப் பார்த்தா உங்கப்பா எனக்குப் பொண்ணு குடுத்தாரு?"

அழித்த கோப்பு உடனே அழிந்துவிடாது. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். தோண்டியெடுத்து வேறு டிஸ்க்கில் போட வேண்டும். அதற்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தார். அன்று அது நிரம்பியிருந்தது. காலையில் மாற்றிக்கொள்ளலாமென்று சொந்த டிஸ்க்கில் போட்டார். மகளின் படங்கள் இருந்த டிஸ்க்.

முதல் வீடியோ திறந்தது. ஒரு சமையலறை. அவனேதான்… கையில் இரும்புக் கம்பி. மூலையில் அவன் மனைவி. கம்பி தோளில் இறங்கியது. பிறகு முழங்காலில். பிறகு வாயில். பற்கள் சிமெண்டுத் தரையில் உருளும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவள் கத்தவில்லை. திரும்பி, நேராக டாக்டரைப் பார்த்தாள்.

நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டபோது மூலை காலி. படத்தின் விளிம்புவரை ரத்தம் இழுபட்டிருந்தது. அவன் வெறுந்தரையை அடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான்… விளிம்பைத் தாண்டி அவனும் போனான்.

டாக்டருக்கு உறைத்தது. மகளின் படங்களைத் திறந்தார். பள்ளியில் முதல் நாள்… மகளுக்குப் பின்னால், கதவிடுக்கில் அவள். கடற்கரையில், படகுக்கு அடியில் அவள். கடைசிப் படத்தில் மகளின் கட்டிலுக்கு அடியில். மகள் குனிந்து அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

முதல் படத்துக்குத் திரும்பினார். கதவு பிளந்து கிடந்தது. பக்கத்தில் ஆசிரியை, தலை நசுங்கி. கடற்கரையில் படகு சிதறியிருந்தது. மகளைத் தோளில் வைத்திருந்த டாக்டருக்கு… முகம் இருந்த இடத்தில் வெறும் சதை.

கட்டில் படத்தில் மட்டும் இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

அழிக்கப் போன விரல் நின்றுவிட்டது. அழித்தால் அழியாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? டிஸ்க்கைப் பிடுங்கினார். சுத்தியலால் அடித்தார். உள்ளிருந்த தகடு தூளாகும்வரை அடித்தார்.

அமைதி.

மகளின் அறைக்கதவு திறந்தது. சுவரைப் பிடித்தபடி வந்தாள். வலது கை, முழங்கைக்குக் கீழே, மடங்கக் கூடாத பக்கம் மடங்கித் தொங்கியது. அவள் அழவில்லை.

"அந்த மாமா எவ்வளவு கேட்டும் நான் சொல்லவே இல்லப்பா."

உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசு. அந்த அக்கா இப்ப அம்மாவுக்குள்ள ஒளிஞ்சிருக்காங்க."