இளமைக்கு ஓர் இரங்கல் விருந்து

விருந்துக்கென்று கடைக்குப் போய் வண்ணக் காகிதம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கமாக இருக்கும், ஐயா. பழைய வார இதழ்களின் அட்டைகளை நீளவாக்கில் கத்தரித்து, மாவுப் பசையால் வளையம் வளையமாகக் கோத்துவிட்டால் ஒரு கூடத்தையே அலங்கரித்துவிடலாம். நீங்கள் கேட்க வந்தது இதுவன்று என்பதை நான் அறிவேன். ஆனாலும் அடித்தளத்தைச் சொல்லாமல் மாடியைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது. குறுக்கிடாமல் எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள், அதற்கு நன்றி.

ஆடம்பரம் ஒரு தொற்றுநோய். ஒரு வீட்டில் பற்றினால் தெரு முழுவதும் பரவும். வாடகை மண்டபத்தில், வாடகை நாற்காலியில், வாடகைச் சிரிப்போடு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் விருந்தாகுமா? உள்ளதைக் கொண்டு, வீட்டிலேயே, அறிவைச் செலவழித்து நடத்துவதே விருந்து. இதை நான் மேடை போட்டுச் சொல்லவில்லை, நடத்திக் காட்டினேன்.

என் கணவர் பேருந்துப் பணிமனையில் தொலைந்த பொருள் அறைக்குப் பொறுப்பாளர். பயணிகள் மறந்துவிட்டுப் போனவற்றைப் பாதுகாத்து, உரியவர் வந்தால் ஒப்படைப்பது அவர் வேலை. தவணை கடந்தும் யாரும் தேடி வராத குடைகளை வீட்டுக்கு எடுத்துவர அவருக்கு அனுமதி இருந்தது. அந்தக் குடைகளே என் கலையின் மூலதனம். விட்டத்திலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டால் அவை பலூன்கள். வரிசையாக நிறுத்தினால் கப்பலின் பாய்கள். துணியை உரித்துவிட்டால் மேசை விரிப்பு.

மின்சாரம் கண்டுபிடிக்கப்படாத காலம் என்று ஒரு விருந்து நடத்தினேன். ஒரே மெழுகுவத்தி. கேக்கை எவ்வளவு மெல்லியதாக நறுக்கியிருந்தேன் என்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மூழ்கும் கப்பல் என்று மற்றொன்று. பாரத்தைக் குறைத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்று அறிவித்து, வந்தவர்கள் கொண்டுவந்த தின்பண்டங்களை வாசலிலேயே இறக்கிவைக்கச் சொன்னேன். மருத்துவமனை விருந்தில் எல்லோருக்கும் வெள்ளைப் போர்வை, ரொட்டி, நீர்த்த சூப்பு. இன்னொரு கிண்ணம் கேட்டவர்களுக்கு, தாதி வேடத்தில் இருந்த நான் உடல்நலம் கருதி மறுத்துவிட்டேன்.

என் வீட்டு விருந்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். கடைசி விருந்தாளி வாசலைத் தாண்டி வெளியே போகும் வரை வேடம் கலையக் கூடாது. என் கணவரைப் போல அந்தச் சட்டத்தை மதித்தவர் எவருமில்லை. மருத்துவமனை விருந்தில் கால் முறிந்த நோயாளியாகப் படுத்திருந்தார். அந்தக் காலின் மேலேயே ஒரு பல்லி விழுந்தது, அவர் அசையவில்லை. அப்படிப்பட்ட மனிதர்.

ஆனால் பாராட்டு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? என் நாத்தனாருக்கு. என் கணவரின் தங்கைதான். அவள் செய்வதெல்லாம் மண்டபம், சமையல் ஒப்பந்தக்காரர், வாசலில் பன்னீர். என் வீட்டுக்கு வருவாள், சுற்றிலும் பார்ப்பாள், எல்லோர் காதிலும் விழும்படி ஒன்று சொல்வாள்.

"அண்ணி, இன்னும் கொஞ்சம் சிக்கனம் பண்ணீங்கன்னா, எங்களை வீட்லயே சாப்பிட்டுட்டு வரச் சொல்லிடலாம்."

கூடமே சிரிக்கும். நான் கண்விழித்துக் கத்தரித்த தோரணத்துக்கு எழாத சிரிப்பு, அவளுடைய ஒரு வாக்கியத்துக்கு எழும். நானும் சிரிப்பேன். சிரிப்புக்குச் செலவில்லை அல்லவா?

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன். என் கணவருக்கு ஐம்பது வயது நிறைந்தது. அவருடைய இளமை காலமாகிவிட்டதென்றும், கறுப்பு உடையில் வந்து இரங்கல் தெரிவிக்க வேண்டுமென்றும் உறவினருக்கும் தெருவினருக்கும் அழைப்பு அனுப்பினேன். நல்ல கருப்பொருள். துக்க வீட்டில் விளக்கு வேண்டாம், இசை வேண்டாம், பலகாரம் வேண்டாம், கேட்கிறவன்தான் அநாகரிகன். குடைத் துணிகளால் கூடத்தைக் கறுப்பாக்கினேன். அவர் முகத்தில் மாவு பூசி, கண்களின் மேல் பஞ்சு வைத்து, சாப்பாட்டு மேசையில் கிடத்தினேன். ஒவ்வொருவரும் வந்து அவருடைய உதிர்ந்த முடிக்கும் விழுந்த பல்லுக்கும் அஞ்சலி செலுத்துவதாக ஏற்பாடு.

பணிமனைக்காரர்களை நான் அழைக்கவில்லை. அழைத்தால் கூட்டம் பெருகும். அவர்களோ அவர்மேல் இருந்த அன்பினால், வேலை முடிந்ததும் தாமாகவே வாழ்த்த வந்துவிட்டார்கள், விருந்தாளிகளுக்கு முன்னதாகவே. கதவைத் திறந்தவர்கள் கண்டது என்ன? கறுப்புக் கூடம். மேசைமேல் அவர்.

பணிமனை மேலாளர் பருமனான, கடுகடுப்பான மனிதர். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு சுவரில் சாய்ந்து குழந்தையைப் போல அழுதார்.

"இந்த மனுஷன் ஒத்தைச் செருப்புக்குக்கூட சொந்தக்காரனைத் தேடுவாரும்மா. ஒரு தடவை ஏதோ குழந்தையோட செருப்பைப் பையில போட்டுக்கிட்டு ஒவ்வொரு ஸ்டாப்பா இறங்கி விசாரிச்சிருக்கார். வேலையைப் பாருய்யான்னு நான் கத்தினேன். கத்தினேன்மா நான்."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர்கள் விருந்தாளிகள். இன்னும் வாசலைத் தாண்டவில்லை. சட்டம் எல்லோருக்கும் பொது. மேசையைப் பார்த்தேன். பஞ்சின் அடியிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் அவர் காதை நோக்கி வழிந்துகொண்டிருந்தது. தம்மைப் பற்றி ஒருவர் நல்லது சொல்லி அவர் கேட்டதே இல்லை. என்னிடமிருந்தும்தான். கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். அவர் அசையவில்லை. ஆகவே இதில் அவருக்கும் உடன்பாடு உண்டு என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அழைக்கப்பட்டவர்கள் வரத் தொடங்கினார்கள். கேலி பேசிக்கொண்டே படியேறியவர்கள், பணிமனைக்காரர்களின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். நடிப்புக்காக அழுகிறவர்களுக்கு மூக்கு அப்படிச் சிவப்பதில்லை. கடைசியாக வந்தாள் என் நாத்தனார். புத்தம்புதுக் கறுப்புப் பட்டு. அதற்கும் ஒரு செலவு.

"எங்கே எங்கண்ணனோட இளமை? அதைப் பார்த்தே ரொம்ப வருஷமாச்சே!" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டில் அவள் பேச்சுக்கு யாரும் சிரிக்காதது அதுவே முதல்முறை. அவள் மேசையைப் பார்த்தாள், மேலாளரைப் பார்த்தாள், என் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அண்ணி, விளையாட்டுதானே? சும்மாதானே படுத்திருக்கார்? சொல்லுங்க அண்ணி."

ஒரு சொல் போதும். "ஆமாம்" என்றிருந்தால் அவர் எழுந்து உட்கார்ந்திருப்பார். அவளும் உடனே ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பாள். கூடமே சிரித்திருக்கும். அந்தச் சிரிப்பு என் காதில் முன்கூட்டியே கேட்டது, ஐயா.

"கண்ணைத் தானமா குடுத்தாச்சும்மா. பஞ்சு வெச்சிருக்கு. தொடக் கூடாதாம், கிட்டப் போகாதே," என்றேன்.

உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகவும், வண்டி பிறகு வரும் என்றும் அறிவித்தேன். சடங்கில்லை, புகையில்லை, ஊர்வலமில்லை, செலவில்லை. எத்தனை முற்போக்கான பெண் என்று மேலாளர் என்னைக் கும்பிட்டார். சான்றிதழை யாருமே கேட்கவில்லையா என்கிறீர்கள். அழுது வீங்கிய முகத்தோடு நிற்பவளிடம் ரசீது கேட்க யாருக்கு மனம் வரும்? பணிமனைத் தாள்களையெல்லாம் மேலாளரே பொறுப்பேற்று முடித்துக் கொடுத்தார். அன்று வந்தவர்கள் யாரும் கேக்கைப் பற்றிப் பேசவில்லை. என் விருந்துகளிலேயே, விருந்தாளிகள் மெய்மறந்து இருந்தது அது ஒன்றுதான்.

எல்லோரும் போனதும் அவர் பஞ்சை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"மேலாளர் நெஜமாவே அழுதாரா?"

"அழுதார்."

"அவரா!" சற்று நேரம் முகத்து மாவைத் தடவிக்கொண்டே இருந்தார். "பாவம். காலையில போய் மன்னிப்பு கேட்டுடறேன்."

"செத்துப்போனவர் போய் மன்னிப்பு கேட்டா, அழுதவங்களுக்கு எவ்வளவு அவமானம்? உங்க தங்கச்சி என்னைப் பத்தி என்ன சொல்வா? துக்கம் கேக்க வரவங்க வந்து போகட்டும். கொஞ்ச நாள் பொறுங்க."

பொறுத்தார். எங்கள் வீட்டுப் பரண் சற்றுப் பெரியது. ஆள் உட்காரலாம், படுக்கலாம்; நிமிர்ந்து நிற்க மட்டும் முடியாது. குடைகளை ஓரமாக அடுக்கி, மெத்தை போட்டுக் கொடுத்தேன். வீடு காலியாக இருக்கும் நேரத்தில் குளிக்க இறக்கிவிடுவேன். கதவைச் சாத்தி, பக்கத்திலேயே நிற்பேன். துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், வரும்போதெல்லாம் உணவு கொண்டுவந்தார்கள். ஒரு கூட்டம் போனால் இன்னொரு கூட்டம். கடைசி விருந்தாளி என்று ஒருவரும் வாய்க்கவில்லை. அது என் குற்றமா? இதற்கிடையில் பணிமனையில் அவருடைய வேலையையே எனக்குக் கொடுத்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், அவரைவிட ஒழுங்காகவே அந்த அறையை வைத்துக்கொண்டேன்.

நினைவுநாள்கள் தொடங்கின. அவர் காத்துவைத்த குடைகள் என்பது முதலாண்டுக் கருப்பொருள். தெருக்கோடி வரை ஆட்கள் நின்றார்கள். என் நாத்தனார் என் தோளில் தலைசாய்த்து, "உங்களை மாதிரி யாராலயும் நடத்த முடியாது அண்ணி," என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனை வார இதழ்களைக் கத்தரித்திருக்கிறேன்!

அவருக்கும் குறை ஒன்றுமில்லை. தொடக்கத்தில் "இறங்கட்டுமா?" என்பார். பிறகு அதை விட்டுவிட்டார். "இன்னைக்கு என்னைப் பத்தி யார் பேசினாங்க?" என்று மட்டும் கேட்பார். சொல்வேன். பரண் பலகையில் முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவார்.

மூன்றாம் ஆண்டு நினைவுநாளில்தான் குழப்பம் நேர்ந்தது. என் நாத்தனார் பேச எழுந்தாள். உணர்ச்சி மிகுந்துவிட்டது.

"சின்ன வயசுல அம்மாவோட தையல் மெஷினை உடைச்சது அண்ணன்தான். அதுக்கு அடி வாங்கினது நான். ஆனா ஒரு நாள்கூட நான் அவரைக் காட்டிக் கொடுக்கலை."

கூட்டம் உருகிக்கொண்டிருந்தது. அப்போது மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடிப்பாவி! உடைச்சது நீ. அடி வாங்கினது நான்."

நான் என்ன செய்வது? மூன்றாண்டு கட்டிக்காத்த வேடத்தை ஒரு தையல் இயந்திரத்துக்காகக் கலைத்துவிட்டார். அவ்வளவு பொறுமைசாலிக்கு அந்த ஒன்றைப் பொறுக்க முடியவில்லை. மேலாளர் நாற்காலியோடு சாய்ந்தார். என் நாத்தனார்தான் முதலில் அசைந்தாள். வீடு முழுவதும் ஏணியைத் தேடி, என் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்தாள். அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். அவள் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள். முதுகு நிமிரவில்லை. "அண்ணா, நேரா நில்லுங்கண்ணா," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கொஞ்சம் மிகைதான். அவர் எப்போதுமே லேசாகக் குனிந்து நடப்பவர்.

அவர் என்மேல் புகார் எதுவும் எழுதித் தரவில்லை என்று சற்று முன் சொன்னீர்கள். எனக்கு அது வியப்பளிக்கவில்லை. வீட்டுக்கு மட்டும் அனுப்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகவும், மருத்துவமனை வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகுவதாகவும் சொன்னீர்கள். களைப்பில் பேசியிருப்பார்.

ஆம், ஏணியை எடுத்தது நான்தான். ஒவ்வொரு நாளும் எடுத்தேன். முதலாண்டில் அவர் பலகையைத் தட்டினார்; அதுவும் என் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்ல மாட்டேன். இதை நீங்கள் வாக்குமூலம் என்கிறீர்கள், கையெழுத்திடச் சொல்கிறீர்கள், இடுகிறேன். தாளின் பின்பக்கத்தையும் பயன்படுத்துங்கள். வெறுமையாக விடுவது வீண்.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னை விடுவித்ததும் அவரையும் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். மீண்டு வந்தவருக்கு ஒரு வரவேற்பு விருந்து வைக்கத்தானே வேண்டும்? கருப்பொருளை முடிவுசெய்துவிட்டேன், பெரிதாகச் செலவில்லை. எல்லோரும் வந்து சேரும் வரை அவர் பரணிலேயே இருக்கட்டும். அதன்பிறகு, சத்தியமாக, நானே ஏணியை வைப்பேன்.