காலி வண்டியின் முன் சீட்டு

மாமல்லபுரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பொழுதுபோக்குப் பூங்கா ஊழியர்கள் இருவர். புதிதாகச் சேர்ந்தவர் கேட்டார்:

"அண்ணாத்த, காலைல டெஸ்டுக்கு ரோலர் கோஸ்டர காலியாத்தான வுடறோம். முன் சீட்டு கம்பிய மட்டும் இன்னாத்துக்கு இழுத்துப் பூட்ற?"

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எம்பொண்ணு அந்த மர ரோலர் கோஸ்டர்ல முன் சீட்டுல ஏறணும்னு ஒரே அழுகை. அளவுக் கம்பத்தாண்ட நாந்தான் நின்னுகினு இருந்தேன். ஒசரம் நாலு விரல் கொறைச்சல். அடுத்த வருசம் வாடின்னு திருப்பி அனுப்பிச்சிட்டேன்."

"அப்பால?"

"அந்த மார்கழிலதான் கடலு எங்க குப்பத்துக்குள்ள வந்துச்சு."

பூங்கா நிறுத்தம் வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

"நாளைக்கு நான் பூட்றேன், அண்ணாத்த."

"வேணாம்பா. அவ இடுப்புக்கு எவ்ளோ இழுக்கணும்னு உனக்குத் தெரியாது."