எல்லைக் கல்லுக்கு அப்பால்

எங்கள் வீட்டுக் காப்பி கொஞ்சம் கசக்கும். தனாஸ் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். அதில் நான் எதுவும் கலக்கவில்லை ஐயா. விருந்தாளிக்கு அப்படிச் செய்கிற வழக்கம் எங்கள் மலையில் கிடையாது.

அவர் தலைநகர் திரானாவில் அல்பேனியச் சொற்களின் வேர் தேடுகிறவர். நான் இந்த ஊர்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவன். பாறையை நாங்கள் 'ஷ்கெம்ப்' என்போம். ரோமாபுரிக்காரன் இங்கே கால் வைக்கும் முன்பே பிறந்த சொல் அது என்று புத்தகம் போட்டேன். அதற்காகத்தான் ஊர் இன்றும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறது.

அடுப்போரம் உட்காரவைத்து ராக்கிச் சாராயம் ஊற்றினேன்.

"பாஷ்க் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அது லத்தீன்ல பெஞ்சுக்கு இருந்த சொல்லு. நம்மாளு அதை வாங்கிப் பாறைக்கு வச்சுட்டான்."

"பாறையில பொறந்து பாறையில சாகிறவன், அதுக்குப் பேரு இன்னொருத்தன்கிட்ட போயி கேட்டானா?"

"மலை நம்மதுதான் அண்ணே. பேருதான் இரவல்," என்று சிரித்தார். "நாளைக்கு ஷ்கோதர் கூட்டத்துல சொல்லப்போறேன். உங்ககிட்ட சொல்லாம அங்க பேசக் கூடாதுன்னுதான் மலையேறி வந்தேன்."

நல்ல மனிதர். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், தீயைக் கிளறினேன், சன்னலைத் திறந்தேன், மூடினேன். பிறகு விறகு எடுக்க வெளியே போனேன்.

"விறகுக்கா இவ்வளவு நேரம்? கையில ஒரு குச்சியக் காணோம்," என்றாள் என் மனைவி ப்ரேனா.

"எல்லாம் ஈரம்."

விருந்தாளியை எல்லைக் கல்வரை கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். அதுவரை அவர் உயிருக்கு வீட்டுக்காரன் பொறுப்பு. கல்லைத் தாண்டி முதுகைத் திருப்பினால் பொறுப்பு முடிந்தது. எங்கள் கல்லுக்கு அப்பால் பள்ளம், அதன்மேல் மரப்பாலம். நடுப் பலகைகளின் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, பலகைகளை இருந்த இடத்திலேயே வைத்திருந்தேன்.

"அடுத்த தடவை ஒரு புட்டியோட சண்டைய முடிச்சுக்கலாம் அண்ணே," என்று கல்லருகே விடைபெற்றார்.

"வாங்க, காத்திருக்கேன்," என்றேன்.

நான் ஆணி பிடுங்கிய நேரத்தில் அவர் என் வீட்டு விருந்தாளியாகத்தானே இருந்தார் என்று கேட்கிறீர்கள். இருந்தார். ப்ரேனா அவருக்கு இரண்டாவது கோப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கொலை என்று எழுதுங்கள், மறுக்கவில்லை. வழக்கத்தை மீறினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். மழையில் வழி வழுக்கியது. எல்லைக் கல்வரை அவர் கையை நான் விடவே இல்லை.